அம்மாவும் நானும் போய்வந்த நக்ஸோஸ்

எங்கள் குசினி அலுமாரியைத் திறந்தால் முதலில் வறுத்த கறித்தூளின் மணம் மூக்கில் ஏறும். பிறகு தூள்ப்பேணிகளுக்கு அடியில் பளபளவென்று ஒரு நீலக் கடல் தெரியும். அந்தக் கடல் வந்த கதை பெரிய கதையில்லை. ஒஸ்லோவுக்குக் கிட்ட, ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் அப்போது ஒரு பயண முகவர் நிலையம் இருந்தது. அதன் வாசலில் அடுக்கி வைத்திருந்த சுற்றுலாப் புத்தகங்களை யாரும் சும்மா எடுத்துப் போகலாம். எனக்குச் சப்பாத்து வாங்கப் போகும்போதெல்லாம் அம்மா அவற்றில் இரண்டை எடுத்துப் பையில் வைத்துக்கொள்வார். “காட்டலோக்” கடதாசி தடிப்பு, எண்ணெய் ஊறாது, அலுமாரித் தட்டில் விரிக்க அதைவிடத் திறமான சாமான் கிடையாது என்பது அவருடைய அசைக்க முடியாத முடிவு. அதனால் உலகத்துக் கடற்கரைகளெல்லாம் எங்கள் வீட்டில் மஞ்சள்தூள் படிந்து கிடந்தன.

நாங்கள் அப்போது ஒஸ்லோ நகருக்குள், குறொன்லாண்டு என்ற பகுதிக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். யூலை பிறந்தால் நோர்வேக்காரர் ஒஸ்லோவைக் காலி செய்துகொண்டு போய்விடுவார்கள். அவர்கள் விட்டுப்போன வேலைகளை எங்கள் ஆட்கள் நிரப்புவார்கள். லீவில் போகிறவருக்குப் பதிலாக நிற்பவரை இங்கே “விக்கார்” என்பார்கள். அம்மா முதன்முதலில் சரியாக உச்சரித்த நோர்வேச் சொல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அவர் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தார். ஆண்டு முழுவதும் அரை நேரம், யூலையில் மட்டும் முழு நேரத்துக்கும் மேல். அப்பா விடியவே ஹோட்டல் குசினிக்குப் போய்விடுவார், அம்மா பிற்பகல் இரண்டு மணிக்குப் படியிறங்குவார். இடையில் கிடைத்த காலைகள் எங்கள் இருவருக்கும் சொந்தமாக இருந்தன.

எனக்கு ஒன்பது வயதான யூலையில் ஒருநாள் அம்மா அலுமாரிக் கடதாசியை மாற்றிக்கொண்டிருந்தார். விரிக்கப்போன தாளொன்றை நான் இழுத்தெடுத்துப் பார்த்தேன். நக்ஸோஸ் என்ற கிரேக்கத் தீவு. அங்கே பார்க்க வேண்டிய ஊர்களும் கிராமங்களும் என்று தலைப்புப் போட்டு, ஊருக்கொரு படமும் நாலு வரியும் இருந்தன. “வாசி, பாப்பம்” என்றார் அம்மா. நான் நோர்வேயில் வாசித்துத் தமிழில் சொன்னேன், அவர் வெங்காயம் அரிந்தபடி கேட்டார். அன்றிலிருந்து காலைச் சாப்பாடு முடிந்ததும் அம்மா கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “இண்டைக்கு எந்த ஊருக்குப் போறம்?”

முதல்நாள் துறைமுகப் பட்டணத்துக்குப் போனோம். அங்கே கடலோரத்தில் ஒரு பென்னாம்பெரிய கல்வாசல் தனியே நிற்கிறது, பின்னால் கட்டடமே இல்லை. அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “வாசலை வைச்சவைக்கு மிச்சத்தைக் கட்ட நேரம் கிடைக்கேல்லைப் போல. பாவம், அவையும் எங்கையோ விக்காராய் நிண்டிருப்பினம்” என்றார். வடக்கே அப்பொலொனாஸ் என்ற மீன்பிடிக் கிராமத்துக்கு மேலே, பாதி செதுக்கிய கற்சிலையொன்று ஆளைப்போல மல்லாந்து கிடந்தது. “உங்கை பார், வேலை முடிச்சு வந்த கொப்பா!” என்று அவர் சொல்ல, எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது. ஃபிலோட்டியில் பெரிய மரத்தின் கீழ் இருந்து கோப்பி குடித்தோம். அந்தத் தீவின் உருளைக்கிழங்கு பேர்போனது என்று எழுதியிருந்ததை வாசித்ததும், “அப்ப சாப்பாட்டுக்குப் பயமில்லை” என்று அம்மா நிம்மதியடைந்தார். ஆனால் அவருக்கு மிகவும் பிடித்தது மலைச்சரிவில் இருக்கிற அபிராந்தோஸ். அங்கே சந்து ஒழுங்கைகளுக்கே பளிங்கு பதித்திருக்கிறார்கள் என்பதை அவர் நம்ப மறுத்து, அந்த வரியை மூன்றுதரம் வாசிக்கச் சொன்னார்.

ஓகஸ்டில் பள்ளிக்கூடம் தொடங்கியது. முதல்நாள் வட்டமாக இருத்தி, லீவில் எங்கே போனீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்பது வழக்கம். முந்தைய வருடங்களில் “வீட்டில்தான் இருந்தோம்” என்று நான் சொல்லியிருக்கிறேன். “அதுவும் நல்லதுதானே” என்று வகுப்பாசிரியை தலையைச் சரித்துச் சொல்லும் அந்த இரக்கம் எனக்கு அறவே பிடிக்காது. அந்த வருடம் என் முறை வந்தபோது, “நக்ஸோஸ்” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. கல்வாசல், படுத்த சிலை, பளிங்கு ஒழுங்கை எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பே வாய்பார்த்துக் கொண்டிருந்தது.

ஒக்டோபரில் பெற்றோர் சந்திப்பு வந்தது. அப்பாவுக்கு வேலை, அம்மா மட்டும் வந்தார். எங்கள் வீட்டில் கடிதம் வந்தாலும் வைத்தியரிடம் போனாலும் மொழிபெயர்ப்பாளர் நான்தான். அன்றும் இருவருக்கும் நடுவில் என்னைத்தான் இருத்தினார்கள். கணக்கு, வாசிப்பு எல்லாம் முடிந்தபின் ஆசிரியை சிரித்த முகத்தோடு அம்மாவைப் பார்த்து, “நக்ஸோஸைப் பற்றி உங்கள் மகள் அழகாகச் சொன்னாள். உங்களுக்கு எந்த ஊர் பிடித்தது?” என்று கேட்டார். நான் அவசரமாக அம்மாவின் பக்கம் திரும்பினேன். “அம்மா, நான் வீட்டிலை வடிவாச் சாப்பிடுறனானோ எண்டு கேக்கினம்” என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். முதியோர் இல்லத்துக் கிழவிகளோடு கதைத்துக் கதைத்து அவருக்கு நான் நினைத்ததைவிட நிறைய நோர்வே விளங்கும் என்பதும், நக்ஸோஸ் என்ற பெயருக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் நிமிர்ந்திருந்து, ஆசிரியையிடம் நேராக, தன் உடைந்த நோர்வேயில், “அபிராந்தோஸ். வீதியெல்லாம் பளிங்கு. கூட்டுவது மிகவும் சுகம்” என்றார். ஆசிரியை விழுந்து விழுந்து சிரித்தார், தானும் ஒருநாள் அங்கே போகப்போவதாகச் சொன்னார். அம்மாவும் சிரித்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

வெளியே வந்து ட்ராம் தரிப்பிடத்துக்கு நடந்தோம். அங்கே அம்மா, கோபமில்லாத குரலில், “எங்களைப் பற்றிச் சொல்ல உனக்கு வெக்கமோ, பிள்ளை?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அழுகைதான் வந்தது. அம்மா தன் சால்வை நுனியால் என் மூக்கைத் துடைத்துவிட்டார். “அழாதை. வாற வருஷம் கட்டாயம் போவம். போட்டு வந்தால் நீ சொன்னது பொய்யில்லைத்தானே” என்றார்.

அந்த வாற வருடம் வரவேயில்லை. மாமாவைக் கொழும்பிலிருந்து காசு செலவழித்து இங்கே கூப்பிட வேண்டியிருந்தது, பிறகு லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கினோம், பிறகு எனக்கே பதினாறு வயதாகி நானும் யூலையில் விக்காராக நின்றேன். ஒவ்வொரு யூலையும் அம்மா யாரோ ஒருவருடைய லீவுக்குப் பதிலாக வேலைக்குப் போனார். ஒவ்வொரு வைகாசியும் “இந்தமுறை பாப்பம்” என்றார். நான் அதை நம்பினேன், அவரும் நம்பினார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இப்போது ஸ்ட்ரோம்மனில் அந்த முகவர் நிலையம் இல்லை, தொலைபேசிக் கடை இருக்கிறது. படுக்கையில் கிடந்தபடியே விரலால் தட்டி யாரும் எந்தத் தீவுக்கும் போகலாம். அப்பா காலமானபின் அம்மா லோறென்ஸ்கூக் வீட்டில் தனியே இருக்கிறார், நகராட்சித் தாதி வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போவார். போன யூலைக்கு நக்ஸோஸுக்குச் சீட்டு எடுப்பதற்கு முன் எங்களோடு வரும்படி அவரிடம் போய்க் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். “நாரி நோகும் பிள்ளை, பிளேனிலை அவ்வளவு நேரம் இருக்கமாட்டன். உன்ரை பிள்ளையளின்ரை லீவைக் கெடுக்காமல் நீங்கள் போட்டு வாங்கோ” என்றார். எத்தனையோ யூலையில் நான் குடும்பத்தோடு வேறெங்கெல்லாமோ போனபோது அவருக்கு நாரி நன்றாகத்தான் இருந்தது. அப்போது கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

போனோம். பிள்ளைகளைக் கணவரோடு நீச்சல் தடாகத்தில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து அபிராந்தோஸுக்கு நான் தனியே போனேன். படத்தில் இருந்ததுபோலவே இருந்தது. பளிங்கு ஒழுங்கையில் நின்றுகொண்டு, அம்மாவைக் காணொளியில் அழைத்தேன்.

“எங்கை நிக்கிறாய்?”

“அபிராந்தோசிலை, அம்மா.”

“அது எந்த இடம்?”

“நீங்கள் எங்கடை ரீச்சருக்குச் சொன்ன ஊர். மாபிள் ஒழுங்கை. ஞாபகமில்லையே?”

அம்மா கொஞ்சம் யோசித்தார். “ஞாபகம் வரேல்லைப் பிள்ளை” என்றார். அவருக்கு மறதி வருத்தம் ஒன்றும் இல்லை. என் பிள்ளைகளின் பரீட்சை நாள்கூட அவருக்குத் தெரியும். எனக்கு முழுப் பிள்ளைப்பருவமாக இருந்த அந்தக் காலைகள், அவருக்கு வேலைக்குப் போகுமுன் வெங்காயம் அரிந்த காலைகள். நான் தொலைபேசியைத் திருப்பி ஒழுங்கையை, படிகளை, கதவோரம் படுத்திருந்த பூனையை எல்லாம் காட்டினேன். எங்களுடைய ஊர் இது என்று அவர் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது.

“வடிவான ஊர்தான்” என்றார் அம்மா. “இஞ்சை எனக்கு மருந்து தர வந்த பிள்ளை விக்காராம். பாவம், அது ஒரு இடமும் போகேல்லையாம்.” பிறகு திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார். “அது கிடக்கட்டும். நீ எப்ப வாறாய்?”