மருந்துக் கரண்டியின் விளிம்பு

மத்தியானம் ஆனால் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் எல்லோரும் என்னிடம் "தின்னாரா மேடம்?" என்று கேட்பார்கள். சாப்பிட்டீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்கிறார்கள். கோயம்புத்தூரில் வளர்ந்த என் காதுக்கு அது ஆட்டையோ மாட்டையோ விசாரிப்பதுபோல் இருந்தது. ஹைதராபாத்துக்கு வந்த முதல் மாதங்களில் அந்த ஒரு கேள்விதான் நாள் முழுக்க என்னிடம் யாராவது கேட்கும் கேள்வி. தலையாட்டிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து, கம்ப்யூட்டர் முன்னாலேயே தனியாகச் சாப்பிடுவேன்.

நான் பிளாஸ்டிக் அச்சு வடிவமைப்பவள். அச்சு என்பது இரண்டு இரும்புப் பாதிகள். இரண்டும் எங்கே சேர்ந்து மூட வேண்டும், எங்கே பிரிய வேண்டும் என்பதைத் திரையில் ஒரு பரப்பாக வரைந்து கொடுப்பதுதான் என் வேலையில் பாதி. அதை பார்ட்டிங் சர்ஃபேஸ் என்போம். உங்கள் வீட்டு பிளாஸ்டிக் டப்பாவைத் தடவிப் பார்த்தால் மெல்லிய கோடு ஒன்று தட்டுப்படும். அந்தப் பரப்பு விட்டுப்போன தடம் அது.

குழந்தைகளுக்கு மருந்து ஊற்றும் கரண்டிக்கு ஓர் அச்சு வந்தது. பாதிகள் பிரியும் கோட்டைக் கரண்டி விளிம்பின் உச்சியிலேயே வைத்தேன். வரையவும் வெட்டவும் அதுதான் சுலபம். படத்தைக் கீழே, அச்சுகளைப் பொருத்திச் சரிபார்க்கும் டூல் ரூமுக்கு அனுப்பி, "ஆகுமா?" என்று கேட்டிருந்தேன். அங்கே பொறுப்பாளர் யாதகிரி. ஐம்பதைத் தாண்டியவர். தெலுங்கும் ஹைதராபாத் ஹிந்தியும் கலந்து பேசுவார். கொஞ்ச நேரத்தில் போன் செய்தார். மெஷின் இரைச்சலுக்கு நடுவே, "ஆகண்டி மேடம், ஆகண்டி" என்று இரண்டு தரம் கத்தியது மட்டும் கேட்டது. ஆகும் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இரும்பை வெட்டித்தரும் பக்கத்துத் தெருப் பட்டறைக்கு ஃபைலை அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் ஒரு பாதியை வெட்டிவிட்டார்கள்.

வெட்டியது தெரிந்ததும் யாதகிரி மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "ஆகமன்ன கதா மேடம்!" என்றார். பக்கத்து மேஜைப் பெண்தான் எனக்கு விளக்கினாள்: ஆகண்டி என்றால் நிறுத்துங்கள்; நிறுத்தச் சொன்னேனே என்கிறார். கரண்டிக்கு ஆர்டர் கொடுத்த மருந்து கம்பெனிக்காரர் அவர் போன் செய்தபோது கீழேதான் இருந்திருக்கிறார். விளிம்பின் உச்சியில் கோடு வந்தால் பிசிறு தட்டி, குழந்தையின் உதட்டைக் கீறும் என்று சொல்லியிருக்கிறார். நானே யோசித்திருக்க வேண்டிய விஷயம் அது.

முதலாளி இருவரையும் கூப்பிட்டு, யார் ஓகே சொன்னது என்று கேட்டார். யாதகிரிதான் போனில் ஓகே சொன்னார் என்று நான் சொல்லியிருக்கலாம். அரை நிமிஷம் அது நாக்கு நுனிவரை வந்தது. "மை மிஸ்டேக் சார். அவர் நிறுத்தச் சொன்னார், எனக்குப் புரியவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு நாளில் வழி சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றார் முதலாளி.

ஹப்சிகுடாவில் நான் தங்கியிருந்த அறைக்கு வந்ததும் அம்மா போன் செய்தாள். "சாப்ட்டயா சாமி? ஏன் குரலு ஒரு மாதிரி இருக்குது?" என்றாள். அச்சு, கோடு, இரும்பு என்று எங்கிருந்து ஆரம்பிப்பது? "சளிங்மா" என்றேன். அவள் சுக்குக்காப்பி போடச் சொன்னாள். போனை வைத்த பிறகு வெகுநேரம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில் என் தப்பைக்கூட முழுசாகச் சொல்லி அழ எனக்கு ஆள் இல்லை.

மறுநாள் காலையில் யாதகிரி ஒரு அட்டைத்துண்டும் பென்சிலுமாக என் மேஜைக்கு வந்தார். பேச்சு வேண்டாம் என்பதுபோல் கையசைத்துவிட்டு வரைந்தார். வெட்டிய பாதியின் மேல்முகத்தை விளிம்பின் தடிமன் அளவுக்குச் சீவிவிட்டு, குறைகிற உயரத்துக்கு ஈடாக அடியில் ஒரு தகடு கொடுக்கலாம். நான் பென்சிலை வாங்கி, கோட்டை விளிம்பின் கீழ்ப்பக்கத்துக்கு இறக்கினேன். விளிம்பை இன்னும் வெட்டாத மறுபாதிக்குள் வைத்தேன். இனி உதடு படும் இடத்தில் கோடு வராது. "ஹவ்!" என்று ஆமோதித்தார். இரண்டு நாளும் புதுப் பரப்பை வரைந்துகொண்டே இருந்தேன். அவர் அடிக்கடி வந்து திரையைப் பார்த்துவிட்டுப் போனார்.

முதலாளி சரி என்றார். சில வாரங்களில் அச்சு தயாராகி, முதல் கரண்டி சூடு ஆறாமல் வந்தது. யாதகிரி அதைத் தன் கீழுதட்டில் வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்துவிட்டு, அடுத்ததை என்னிடம் நீட்டினார். நானும் இழுத்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

இது நடந்து மூன்று வருஷமாகிறது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது யாதகிரி ஒரு சந்தேகம் கேட்டுக் கூப்பிட்டார். உள்ளறையில் நின்று தெலுங்கில் விளக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் பேச்சு நின்றுபோனது. அண்ணன் பிள்ளைகள் வாசற்படியில் நின்று, யாரோ விருந்தாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். அம்மா வந்து, "அத்தைக்கு ஆபீஸ் போனு, வாங்க" என்று அவர்களை அழைத்துக்கொண்டு, எனக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். பேசி முடித்து போனை வைத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். என்ன விஷயம் என்று தெரியாமல், கைப்பிடியில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் இந்தப் பக்கமே நின்றேன்.