எட்டாவது கையெழுத்து

ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடம் பக்கம் திரும்புகிற ஒரு தெருவில் இருக்கிறது எங்கள் அடுக்குமாடிக் கட்டடம். மொத்தம் எட்டு வீடுகள். பதினைந்து வருஷம் குடியிருந்த பிறகுதான், எங்கள் காலுக்குக் கீழே இருக்கிற மண் அரசாங்கப் பதிவேட்டில் இன்னும் பழைய மனைக்காரர் பேரிலேயே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தது. ஃப்ளாட் வாங்கியவர்கள் பேரையும் பட்டாவில் ஏற்றித் தருகிறார்கள் என்று பேப்பரில் படித்த அன்று, எட்டு வீட்டுக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் மிராசுதார் ஆசை வந்துவிட்டது.

எங்களுக்கு நிலம் இருப்பதாகப் பத்திரம் சொல்கிறது. ஆளுக்கு நானூற்றுப் பன்னிரண்டு சதுர அடி, பிரிபடாத பாகம். அது எந்த இடத்தில் என்று மட்டும் சொல்லாது. சங்கச் செயலாளரிடம் கேட்டேன்.

"எல்லா இடத்துலயும் இருக்குங்க மேடம். தனியா எங்கேன்னு கேட்டா எங்கேயும் இல்லைங்க" என்றார்.

பக்கத்தில் நின்ற எதிர்வீட்டுப் பெரியவர் கையைக் கூப்பி, "பெருமாளுக்கும் அதே லக்ஷணம்தான்" என்றார். அவருக்கு எண்பது வயது. சமஸ்கிருத வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் அதில் பெருமாளைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார், நாம் மேலே வாதாட முடியாது.

எட்டுப் பேர் பத்திரத்தையும் திரட்டி மனு தயாரிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. நான் முப்பத்து நாலு வருஷம் ஓர் அரசு அலுவலகத்தில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள். காகிதத்தைக் கண்டால் குறை கண்டுபிடிக்காமல் என்னால் இருக்க முடியாது. ஜெராக்ஸ் தெளிவாக இல்லை என்று முதல் மாடிக்காரரைத் திருப்பி அனுப்பினேன். இன்ஷியல் ஒத்துப்போகவில்லை என்று கீழ்வீட்டுக்காரரை மூன்று தடவை படி ஏற வைத்தேன். வேலையில் இருந்த நாள் திரும்பியது போல உற்சாகமாக இருந்தது. கடைசியாக என் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். என் வீட்டு வாசல் வடக்கு பார்த்தது என்று அதில் எழுதியிருந்தது.

என் வீட்டு வாசல் தெற்கு பார்த்தது.

மறந்தே போயிருந்தது. பால் காய்ச்சிய அன்று எதிர்வீட்டுப் பெரியவர் முகம் வாடி நின்றார். தெற்கு வாசல் அவர் ராசிக்கு ஆகாது என்று யாரோ ஜோசியர் அன்று காலையில்தான் சொல்லியிருக்கிறார். எனக்கும் என் கணவருக்கும் அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "அவ்வளவுதானே சார், எங்க வீட்டை நீங்க எடுத்துக்கோங்க, உங்க வீட்டுக்கு நாங்க போறோம்" என்று பகுத்தறிவாளர்களுக்கே உரிய பெருந்தன்மையோடு சொன்னோம். இரண்டும் ஒரே அளவு. பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்தோம். சாவியை மாற்றிக்கொண்டோம், பெயர்ப்பலகையை மாற்றினோம். பத்திரத்தை மாற்றத் தோன்றவில்லை. பதினைந்து வருஷமாக என் வீட்டு ஃபேன் அவர் பேரில் சுற்றியது, அவர் வீட்டு கிரைண்டர் என் பேரில் ஓடியது. ஊரார் காகிதத்தில் அத்தனை குறை கண்டுபிடித்த நான், சொந்த வீட்டை வாய்ப்பேச்சில் மாற்றிக்கொண்டவள். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரிசெய்யப் பெரிய வித்தை வேண்டாம். இரண்டு பேரும் பதிவு அலுவலகம் போய், வீட்டுக்கு வீடு மாற்றிக்கொண்டதாக ஒரு பரிவர்த்தனைப் பத்திரம் எழுதினால் முடிந்தது. அதைச் சொல்லத்தான் எதிர்வீட்டுக்குப் போனேன். அங்கே பெரியவரின் மகன் வந்திருந்தார். பெங்களூரில் வேலை. அப்பா அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போய்விட்டு, வீட்டை விற்றுவிடுவது என்று முடிவாகியிருந்தது. லால்குடியிலிருந்து ஒருவர் வாங்க வருகிறார். அவருடைய வக்கீல் எனக்கு முன்பே பத்திரத்தைப் படித்துவிட்டார்.

"பத்திரப்படி தெற்கு வாசல் வீடுதான் எங்களுது. வாங்கறவர் அதைத்தான் கேக்கறார். நீங்க எதிர்ல மாறிக்கிட்டா போச்சு, ஒரே சைஸ்தானே மேடம்?" என்றார் மகன்.

பெரியவரைப் பார்த்தேன். "பத்திரத்துல அப்படித்தானே இருக்கு. அடியேன் என்ன பண்றது?" என்று தரையைப் பார்த்தார். ராசிக்கு ஆகாது என்று ஓடிவந்தவருக்கு இப்போது பத்திரம் ஆகிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அவர் கொடுத்த காபியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஒரே சைஸ்தான். ஆனால் என் வீட்டில் படுக்கையிலிருந்து குளியலறையைத் தாண்டிக் கூடம் வரைக்கும் சுவரில் ஓர் எவர்சில்வர் கம்பி போகிறது. என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கிரில் பட்டறை வைத்திருந்த ஒருவரைக் கூட்டிவந்து போட்டது. மூன்று வருஷம் அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடந்தார். முதல் நாள் மூன்று அடி. கடைசி வருஷம் கூடம் வரைக்கும் வந்து, நான் போட்ட காபியைக் குறை சொல்கிற அளவுக்குத் தேறினார். அவர் போய்விட்ட பிறகும் அந்தச் சுவரை விட்டுப் போக எனக்கு மனசில்லை. எந்த மனுப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது என்று எனக்குத் தெரியும். என்னிடம் யாராவது இப்படி ஒரு மனு கொண்டுவந்திருந்தால் நானே தள்ளுபடி செய்திருப்பேன்.

அடுத்த வாரம் செயலாளரும் நானும் தாலுகா ஆபீஸ் போனோம். அங்கிருந்த இளைஞர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். "பட்டா நிலத்துக்குத்தாங்கம்மா. எந்த வாசல் யாருதுன்னு நாங்க பார்க்கறதில்லை. ஆனா எட்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் மனு எடுப்போம். ஒண்ணு குறைஞ்சாலும் திருப்பிடுவோம்" என்றார்.

அவர் சொன்னது என் காதில் தேனாகப் பாய்ந்தது. ஏனென்றால், பட்டாவில் பேர் ஏறினால்தான் பணம் தருவேன் என்று லால்குடிக்காரர் சொல்லியிருந்தார். ஏழு கையெழுத்து ஆகிவிட்டது. எட்டாவது என்னுடையது.

நான் எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தேன். செயலாளர் வந்தால் கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன். அடுத்த தடவை, அஷ்டமி என்றேன். என் வாயிலிருந்து அஷ்டமி வந்ததும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கட்டடமே என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. லிஃப்டில் என்னைக் கண்டால் கீழ்வீட்டுக்காரர் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். அவர் வீடு தரைத்தளத்தில், லிஃப்டில் அவருக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

மகன் பெங்களூர் திரும்பிய மறுநாள் பெரியவர் வந்தார். செருப்பில்லாமல், தடி இல்லாமல், வாசலிலிருந்து தடுமாறிக்கொண்டே வந்தார். நாற்காலி உள்ளறையில் இருந்தது. நான் எடுக்கப் போவதற்குள் அவர் கை சுவரில் கம்பியைக் கண்டுபிடித்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்துபோய் உட்கார்ந்தார். அந்தக் கம்பியில் இன்னொருவர் கையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சமையலறைக்குப் போய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன்.

"பரிவர்த்தனைப் பத்திரத்தை எழுதச் சொல்லுங்கோம்மா. நான் வந்து கையெழுத்துப் போடறேன். பிள்ளைகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார்.

"சந்தோஷம் சார். நானும் பட்டா மனுவுல இன்னைக்கே போட்டுத் தரேன்" என்று பேனாவைத் தேடினேன்.

"அதைத்தான் வேண்டாம்னு சொல்ல வந்தேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"பட்டா வந்தா வீடு வித்துடும். அவனுக்கு எங்க மேல பிரியம், தப்பு சொல்லப்படாது. அங்கே பதினோராவது மாடி. எங்காத்துக்காரிக்கு அங்கே பேச யார் இருக்கா? எனக்குப் பிள்ளைகிட்ட மாட்டேன்னு சொல்ல வாய் வரலை. நீங்க கொஞ்ச நாள் இப்படியே இருங்கோ." எழுந்து கம்பியைத் தடவினார். "இது யார் போட்டா? எங்காத்துலயும் ஒண்ணு போடணும்."

பட்டறைக்காரர் நம்பரைக் கொடுத்தேன். அந்த வாரமே இரண்டு பேரும் ஆட்டோவில் போய்ப் பரிவர்த்தனைப் பத்திரத்தைப் பதிவு செய்தோம். தெற்கு வாசல் இப்போது எல்லாக் காகிதத்திலும் என்னுடையது. பட்டா மனு மட்டும் ஏழு கையெழுத்தோடு என் அலமாரியில் இருக்கிறது. ஆறு வீட்டுக்காரர்கள் என்னைத் திட்டுகிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

போன வாரம் பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தார். குரலில் மரியாதை குறையவில்லை.

"வயசான காலத்துல அப்பாவும் அம்மாவும் அங்கே தனியா மாட்டிக்கிட்டு இருக்கறது உங்களாலதான் மேடம்" என்றார்.

"ஆமாம்" என்றேன்.