பால்வாடி வரைக்கும் ஒரு வண்டி

எங்கள் சந்தில் என் மகளை யார் வேண்டுமானாலும் தூக்கலாம். மீன் விற்றுவிட்டு வரும் எதிர்வீட்டு அக்கா தூக்குவார். மாவு மிஷின்காரர் தூக்குவார். கேஸ் சிலிண்டர் போட வருகிறவர்கூட ஒரு நாள் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, அவளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தார். பெற்றவள் நான் மட்டும் தூக்கக் கூடாது.

காரணம் ஒரு குடம் தண்ணீர். லாரி வந்த ஒரு காலையில், வரிசையில் நின்று சண்டை போட்டுப் பிடித்த குடத்தை இடுப்பில் வைக்கப் போனேன். முதுகுக்கடியில் சுரீர் என்றது. குடம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், டிஸ்க் விலகியிருக்கிறது என்றார். மாத்திரை, பெல்ட், ஓய்வு என்று எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் என் மடியில் இருந்தவளைக் காட்டி, "இந்த மேடத்தை இனிமே தூக்கக் கூடாது. தூக்கினா ஆபரேஷன்தான்," என்றார். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். "பாக்கலாம்," என்றார். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவளுக்கு அப்போதுதான் இரண்டு வயது முடிந்திருந்தது. ஆரம்பத்தில் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு என் முன்னால் நின்று அழுவாள். "அம்மாக்கு முதுகுல உவ்வாடா" என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். குழந்தைகள் எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகின்றன! ஒரு நாள் வாசலில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டவள், எழுந்து, கையை நீட்டிக்கொண்டு வந்த என்னைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனாள். "அம்மா தூக்காது. அம்மாக்கு உவ்வா," என்று அக்காவிடம் விவரம் சொல்லிவிட்டு, அவரிடம் கையை உயர்த்தினாள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவள் என்னிடம் "தூக்கு" என்று கேட்கவே இல்லை. நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டு அழுதேன்.

நடக்க வைத்துக் கூட்டிப் போக வேண்டியதுதானே என்பார்கள். நடப்பாள், நன்றாகவே நடப்பாள். மனம் மாறினால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள், வீடு ரோடு பார்க்க மாட்டாள். கல்மண்டபம் பக்கம் ரோட்டைக் கடக்கும்போது ஒரு தடவை அப்படித்தான் நடுரோட்டில் உட்கார்ந்தாள். ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஒன்று எங்கள் முன்னால் வந்து நின்று ஹாரனை அலறவிட்டது. நான் அவள் கையைப் பிடித்து இழுக்கிறேன், எழுந்திருப்பேனா என்கிறாள். தூக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. முகம் தெரியாத ஒருவர் ஓடி வந்து அவளை வாரிக்கொண்டு போய் ஓரத்தில் விட்டார். விஷயம் வீட்டுக்கு நான் போய்ச் சேருவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றோடு, அவளைத் தனியாக வெளியே கூட்டிக்கொண்டு போவது எனக்குத் தடை.

பால்வாடிக்கு அக்காதான் கொண்டுபோய் விட்டார். விடியற்காலையில் ஹார்பருக்குப் போய் மீன் எடுத்து, விற்று, வீடு திரும்பி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு என் மகளை இடுப்பில் ஏற்றிக்கொள்வார். அவர்மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் கிடையாது. அதுவே எனக்குக் கோபமாக வரும். ஒரு நாள் மழை வரும்போல இருந்ததால் பால்வாடியைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு நானே போனேன். புதிதாக வந்திருந்த ஆயா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க பாப்பாவுக்கு யாருங்க? அவங்க அம்மா வருவாங்கல்ல?" என்று கேட்டார். மாதாவே, எனக்கு வந்த ஆத்திரம்! வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம், "எனக்கு ஒரு ஸ்ட்ரோலர் வேணும். நாளைக்கே வேணும்," என்றேன்.

என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். ராயபுரம் ஸ்டேஷன் பக்கம் ஸ்டாண்டு. ஸ்ட்ரோலர் என்றால் குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டி என்று விளக்கியதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"வூட்டுக்காரன் ஆட்டோ ஓட்றான், நீ தள்ளுவண்டி தள்ளிக்கினு ரோட்டுல போவியா? ஸ்டாண்டுல என்னிய இன்னா கேப்பானுங்க? எங்க போவணும்னு சொல்லு, இட்டுனு போறேன்."

"பால்வாடிக்குப் போவணும். காலைல நீ ஸ்கூல் ட்ரிப்புல கீற."

"அதுக்குத்தான் அக்கா கீதே."

"அக்கா கீது, நீ கீற, ஊரே கீது. நான் எதுக்குக் கீறேன்?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இரண்டு நாள் கழித்து அவருடைய தங்கை வீட்டிலிருந்து ஒரு பழைய வண்டியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். நான்கு சக்கரம், கட்டில் அகலம். எங்கள் சந்தில் எதிரே ஒரு சைக்கிள் வந்தாலே ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சந்து திரும்புகிற இடத்தில் வண்டி சிக்கிக்கொண்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றது. பின்னால் மீன்கூடையோடு வந்த இரண்டு பெண்கள், "இன்னாமே இது, சந்துக்குத் தாப்பா போட்டுட்ட?" என்று சிரித்தார்கள். சிறிய வண்டி வேண்டும், முன்னால் ஒற்றைச் சக்கரமாக இருந்தால் சட்டென்று திரும்பும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மூன்று சக்கரம் என்றதும் என் கணவர் இன்னும் மோசமாகச் சிரித்தார். "எங்கிட்டயே மூணு சக்கரத்தப் பத்தி சொல்றியா? தோ பாரு, சக்கரம் ரெண்டா இருந்தா ஒண்ணு பள்ளத்துல எறங்குனாலும் இன்னொண்ணு தாங்கும். முன்னாடி ஒத்த சக்கரம் பள்ளத்துல எறங்குச்சுன்னு வெச்சுக்க, அவ்ளோதான், குந்திக்கும். நான் டெய்லி படற பாடு எனக்குத்தான் தெரியும்."

"அப்ப ரோட்டப் போடச் சொல்லு," என்றேன். வேறு என்ன சொல்வது?

யானைக்கவுனிப் பக்கம் குழந்தைச் சாமான் மொத்தமாக விற்கும் கடை ஒன்றுக்கு மூவரும் போனோம். கடைக்காரப் பையன் வளவளவென்று பேசினான். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் ஒரு விரலால் வண்டியைத் தள்ளிக் காட்டினான். சக்கரங்களுக்கு இன்னும் பிளாஸ்டிக் கவர் போட்டிருந்தது. "ரொம்ப காம்பாக்ட் மேடம். ஃபிளைட்ல உள்ளயே எடுத்துனு போலாம்."

"எனக்கு ஃபிளைட் வேணாம்ப்பா. பால்வாடிக்குப் போவணும். ரோட்டுல எறக்கிக் காட்டு."

"ரோட்டுல எறக்குனா வீல் அழுக்காயிடும் மேடம்."

ரோட்டில் இறக்கக் கூடாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பூஜையா? அவன் அசரவில்லை. ஒரு பட்டனை அமுக்கி வண்டியை மடக்கினான். "பாருங்க, ஒரு கைல பாப்பாவைத் தூக்கிக்கினே இன்னொரு கைல மடக்கலாம்." அடுத்த வண்டிக்கும் அதையே சொன்னான், அதற்கடுத்ததற்கும் அதையே. ஒரு கையில் பாப்பா, ஒரு கையில் பாப்பா என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது கூசியது. பாப்பாவைத் தூக்க முடிந்தால் நான் ஏன் இந்தக் கடையில் நிற்கிறேன்?

எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். யாரும் தூக்கி உட்கார வைக்காமல், அவளே ஏறி உட்காருகிற மாதிரி தாழ்வான வண்டி. அதை அந்தப் பையனுக்குப் புரிய வைப்பதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. முதலில் ஏறச் சொன்ன வண்டி அவள் கால் வைத்ததுமே ஒரு பக்கம் சாய்ந்தது. மூலையில் சிவப்பாக ஒரு மூன்று சக்கர வண்டி இருந்தது. சீட்டு தாழ்வு, பக்கத்தில் கால் வைக்க இடம் உண்டு. பின் சக்கரத்துக்குப் பிரேக் போட்டு, கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஏறுடா கண்ணு," என்றேன். அவள் ஒரு காலை வைத்தாள். உடனே இந்தப் பக்கம் என் கணவர் கையை நீட்டினார், அந்தப் பக்கம் கடைக்காரப் பையன் கையை நீட்டினான்.

"தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. கல்லாவில் இருந்தவர் எழுந்தேவிட்டார். என் மகள் மட்டும் யாரையும் சட்டை செய்யாமல் இன்னொரு காலையும் தூக்கி வைத்து, பின்பக்கமாகத் திரும்பி, தொப்பென்று சீட்டில் உட்கார்ந்தாள். "போலாம்," என்றாள்.

அதையே வாங்கினோம். பில் போடும்போதும் என் கணவர், "ஒத்த சக்கரம், பாத்துக்க," என்று முணுமுணுத்தார். மடக்கி ஆட்டோவின் பின்சீட்டுக்குப் பின்னால் வைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது. அதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் திருப்தி.

சந்துக்குள் வண்டி வந்த செய்தி பரவியது. வரிசையாக வந்து பார்த்தார்கள். ஒருத்தி என் மகளின் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொயந்தைக்குக் கால்ல இன்னாச்சு?" என்று தணிந்த குரலில் கேட்டாள். இன்னொருத்தி, "மால்ல தள்ளிக்கினு போவாங்களே, அந்த வண்டியா?" என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு அக்கா எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். "ஆட்டோக்கு வெக்கிற மாரிதான்டி," என்று சக்கரத்துக்கு ஒன்றாக மூன்றையும் வைத்தார். நாங்கள் கோவிலுக்குப் போகிறவர்கள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போகிறவர்கள். அக்காவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. "சாமி எதுவா இருந்தா இன்னா, சக்கரம் ஓடணும்," என்றார். பழம் நசுங்கியதும் என் மகளை வண்டியிலிருந்து அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நாளைக்கும் நானே இட்டுனு போறேன். நீ எதுக்கு இத்தத் தள்ளிக்கினு பேஜாராவுற?" என்றார். இவருக்கு நான் எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது?

மறுநாள் காலை, அக்கா ஹார்பரிலிருந்து திரும்புவதற்கு முன்னால் வேண்டுமென்றே கிளம்பினேன். என் கணவர் ஸ்கூல் ட்ரிப் போயிருந்தார். என் மகள் தானே ஏறினாள். பெல்ட்டைப் போட்டேன். சந்தின் திருப்பத்தில் வண்டி சுலபமாகத் திரும்பியது. கறிக்கடை தாண்டி, டீக்கடை தாண்டி, நானும் அவளும் மட்டும். அவள் பார்க்கிற ஒவ்வொரு நாய்க்கும் கை காட்டினாள். பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

மெயின் ரோட்டில் நடைபாதை முழுக்க பைக்குகள். கீழே ரோட்டோரம் இறங்கினால் ஹார்பர் கேட்டுக்கு வரிசை கட்டிய லாரிகள். ரோட்டோரச் சாக்கடைமேல் போட்டிருந்த சிமென்ட் சிலாப்புகள்மீது தள்ளிக்கொண்டு போனேன். இரண்டு சிலாப்புக்கு நடுவில் கை நுழைகிற இடைவெளி. பார்த்தேன், சுதாரிப்பதற்குள் முன் சக்கரம் நேராக அதற்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. வண்டி முன்னால் சாய்ந்தது.

கைப்பிடியை அழுத்தினேன். முதுகில் சுரீர் என்றது. இன்னொரு தடவை அழுத்தினேன், கண்ணில் தண்ணீர் வந்தது. வலி ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மனுஷன் சொன்னது அப்படியே பலித்துவிட்டதே என்கிற எரிச்சலில் எனக்கு அந்த வண்டியைச் சாக்கடைக்குள்ளேயே தள்ளிவிடலாம் போல இருந்தது. வரிசையில் நின்ற லாரி நகர வேண்டும், நாங்கள் அதன் வழியை மறித்துக்கொண்டு நின்றோம். டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

"மொதல்ல கொயந்தையத் தூக்குங்கம்மா! இன்னா பாத்துக்கினு நிக்கிற?"

நான் தூக்கவில்லை. என்னைத் திட்டிக்கொண்டே ஒருவர் அவளிடம் குனிந்து கையை நீட்டினார். அவள் அவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். சீட்டுக்குள் ஒடுங்கினாள். பிறகு என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் உயர்த்தினாள்.

"அம்மா, தூக்கு."

அவரையும் தள்ளவில்லை, அவளையும் தொடவில்லை. என்ன செய்தேன் என்றால், அந்தச் சிலாப்பின்மேல், வண்டிக்குப் பக்கத்தில், சட்டென்று சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். பெல்ட்டைக் கழற்றினேன். "அம்மாவால தூக்க முடியாதுடா. நீயே வா," என்றேன். அவள் வண்டியின் பக்கத்துக் கம்பியைப் பிடித்து, ஒரு காலை வெளியே போட்டு, சறுக்கிக்கொண்டு என் மடியில் வந்து விழுந்தாள். கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். தலையெல்லாம் தேங்காய் எண்ணெய் வாசனை, காலையில் நான் தடவியது.

"பாப்பாவ வுடுங்க. வண்டியத் தூக்குங்க," என்றேன் அவர்களிடம்.

இரண்டு பேரும் சேர்ந்து வண்டியைப் பிடுங்கி எடுத்து ஓரமாக வைத்தார்கள். லாரி டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "யம்மா, எந்திரிம்மா! நடு வழில குந்திகினு இன்னா பண்ற?" என்று கத்தினார்.

"இருய்யா!" என்று நானும் கத்தினேன். "எங்கொயந்த எம்மடில கீது. கண்ணு தெர்ல?"