ராகு காலத்துக்குள் மாற்றிய எண்ணெய்

எழுபதுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம். கொரட்டூரில் எங்கள் வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல் போட்டிருந்தோம். மறுநாள் காலை என் தங்கைக்குக் கல்யாணம். அப்பா இல்லாததால் முன்நின்று நடத்துகிற பொறுப்பு என்னுடையதும் என் வீட்டுக்காரருடையதும்.

மாப்பிள்ளை வீட்டார் பூந்தமல்லிக்காரர்கள். நகை, பாத்திரம் என்று எதிலும் பிடிவாதம் பிடிக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் ஒன்றே ஒன்று சொன்னார்: மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வேண்டும். உறவில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையை நடத்தியே அழைத்து வந்துவிட்டார்கள் என்று பந்தியில் உட்காராமல் எழுந்து போனவர் அவர். அதனால் எனக்கு அந்தக் கார் மேலேயே கண்.

வாடகைக்கு ஒரு கார் பேசிவிடுங்கள் என்று எத்தனையோ முறை தலையில் அடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கேட்டால்தானே! "ஊட்ல கார வச்சிகினு வாடகைக்கு எடுப்பாங்களா? நாலு பேரு சிரிப்பான்" என்றார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்ஸியாக ஓடி ஓய்ந்த வண்டி. பெட்ரோல் விலை ஏறிய சமயத்தில் யாரோ அதில் பழைய டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்தி இவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஸ்டார்ட் செய்தால் மாவு மில் ஓடுகிற சத்தம் கேட்கும். கொடியில் காயும் துணியெல்லாம் கரியாகும். இவருக்கோ அது மூத்த பிள்ளை. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் லேத் ஓட்டுகிறவர் என்பதால், தனக்குத் தெரியாத இயந்திரமே கிடையாது என்று ஒரு நினைப்பு வேறு.

அன்று வியாழக்கிழமை. காலையில் தங்கைக்கு நலங்கு வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். அப்போது பார்த்து இவருடைய கம்பெனி சிநேகிதர் வந்து சேர்ந்தார். "இன்னா மாமே, பொண்ணுக்கு மட்டும்தான் எண்ணெயா? வண்டிக்கு மாத்த வாணாம்?" என்றார். அவ்வளவுதான். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பை வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார்கள். வெளியே நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன. எண்ணெய் பிடிக்க எதை எடுத்தார்கள் தெரியுமா? சமையல்காரர் கழுவிக் கவிழ்த்திருந்த சாம்பார் வாளியை!

எந்த போல்ட்டைத் திருகினார்களோ, வாளியில் எண்ணெய் இறங்கியது. கெட்டியாக, பழுப்பாக, பார்ப்பதற்குத் தேன் மாதிரி இருந்தது. இவர் என்னைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினார். "பாத்தியா, எவ்ளோ சுத்தமா கீது! வண்டிய அப்டி வச்சிகினு கீறேன்."

எனக்குச் சுருக்கென்றது. இந்த எஞ்சினைத் துடைத்த துணிகளைத் துவைக்கிறவள் நான். அந்த எண்ணெய் அடுப்புக்கரியைவிடக் கறுப்பு. "இது இன்னாங்க வேற மாதிரி கீது?" என்று கேட்டேன். "நீ போயி பந்திக்கு எல எண்ணு" என்று அனுப்பிவிட்டார்.

ஒன்றரைக்கு ராகு காலம். அதற்குள் புது எண்ணெய் ஊற்றி, நல்ல நேரத்தில் வண்டியை ஒரு அடியாவது நகர்த்திவிட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் பரபரப்பு. அந்த அவசரத்தில், எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற கம்பியைக்கூட இழுத்துப் பார்க்கவில்லை. காற்று வடிகட்டியைக் கழற்றிக் கழுவி வைத்திருந்தார்கள். அது காயவில்லை. பரவாயில்லை என்று அதை மாட்டாமலே விட்டார்கள். ஆனால் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்க மறக்கவில்லை, கற்பூரம் காட்டவும் மறக்கவில்லை. சம்பிரதாயத்தில் ஒரு குறையும் கிடையாது!

ஸ்டார்ட் ஆனது. கொஞ்ச நேரம் வழக்கமான மாவு மில் சத்தம்தான். பிறகு யாரும் மிதிக்காமலே சத்தம் ஏற ஆரம்பித்தது. பின்பக்கமிருந்து வெள்ளையாகப் புகை கொட்டியது. இவர் நிறுத்துகிற குமிழை இழுத்தார். நிற்கவில்லை. மறுபடி இழுத்தார், குமிழ் கையோடு வந்துவிட்டது. வண்டி பேய் பிடித்ததுபோல் அலறியது. இவர் வெளியே குதித்து, சாவியை என் முகத்துக்கு நேரே ஆட்டி, "சாவி என் கைல கீதும்மே! அது எப்டி ஓடுது?" என்று கத்தினார். என்னமோ நான் ஓட்டுகிற மாதிரி! சிநேகிதரைக் காணோம். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவர் தலை மட்டும் தெரிந்தது.

தலைக்கு மேலே காய்ந்த கீற்று. உள்ளே மஞ்சள் பூசிய கல்யாணப் பெண். ஒரு பொறி பறந்தால் போதும். ஸ்டவ் குபீரென்று பற்றினால் வீட்டில் என்ன செய்வோம்? வாழையிலைக் கட்டின் மேல் போட்டிருந்த ஈரச் சாக்கை உருவினேன். திறந்திருந்த எஞ்சின் மேல் அப்படியே வீசினேன்.

தீயை அணைப்பதாகத்தான் நினைத்தேன். சாக்கு போய் விழுந்தது வடிகட்டி மாட்டாத அந்தக் காற்றுக் குழாயின் வாயில். சர்ரென்று சாக்கை உறிஞ்சி ஒட்டிக்கொண்டது. மூச்சுக்குக் காற்றில்லாமல் வண்டி இரண்டு குலுக்கு குலுங்கி நின்றது. தெருவே அமைதியானது.

அதற்கப்புறம் கம்பியை இழுத்துப் பார்த்தார்கள். இவர்கள் இறக்கியது கியர் பெட்டியின் எண்ணெய். எஞ்சினில் பழைய எண்ணெய் அப்படியே இருக்க, அதன் தலைமேல் புதிதாக ஒரு முழு அளவு ஊற்றியிருக்கிறார்கள். மிஞ்சிய எண்ணெயையே டீசலாகக் குடித்துக்கொண்டுதான் அது அந்த ஆட்டம் ஆடியிருக்கிறது.

முகூர்த்த நாள். அம்பத்தூர் வரை போய்க் கேட்டும் ஒரு வாடகைக் கார் கிடைக்கவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ஊர்கோலம் ஆமை வேகத்துலதான போவுது? நீங்களே தள்ளிகினு போங்க!" என்று கத்தினேன். திட்டத்தான் திட்டினேன். இவர் முகம் மலர்ந்துவிட்டது. சிநேகிதர் பக்கம் திரும்பினார். "மச்சான், இதுகூட நல்லா கீதே!"

அப்படித்தான் நடந்தது. பூ அலங்காரம் செய்த காரைப் பிள்ளையார் கோவில் வரை தள்ளிக்கொண்டு போய் மாப்பிள்ளையை ஏற்றினார்கள். முன்னால் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கலெக்டர் மாதிரி உட்கார்ந்திருந்தார். சிநேகிதரும் கம்பெனி ஆட்களும் சும்மா கை வைத்துக்கொண்டு நடப்பதுபோல் பின்னால் தள்ளினார்கள். தாய்மாமன் பக்கத்திலேயே நடந்து வந்தார். "டீசல் வண்டின்னாங்க, சத்தமே காணமே!" என்று மெச்சிக்கொண்டார். நான் ஆரத்தித் தட்டோடு தெருமுனையில் நின்று வேண்டாத தெய்வமில்லை.

எங்கள் தெரு திரும்புகிற இடத்தில் ஒரு மேடு. கார் அங்கே நின்றது. பின்னால் தள்ளியவர்களுக்கு மூச்சு வாங்கியது. கார் மெல்லப் பின்னுக்கு வர ஆரம்பித்தது. தாய்மாமன் திரும்பிப் பார்த்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. மாலையும் கோட்டுமாக மாப்பிள்ளை இறங்கினார். "குந்திகினே வந்து காலு மரத்துப்போச்சு மாமா, கொஞ்சம் நடக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அலட்டிக்கொள்ளாமல் பின்பக்கம் போய் டிக்கியில் கை வைத்தார். வெளிச்சத்தில் அவர் தோள் முறுக்கியதை நான் பார்த்தேன். மேடு ஏறியதும் மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டார். தாய்மாமன் அன்று இரவு பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் தாலி கட்டி முடிந்து தங்கையும் நானும் வாசலுக்கு வந்தால், வண்டிக்கு அடியிலிருந்து ஆறு கால்கள். அதில் இரண்டு கால்களில் மஞ்சள் இன்னும் காயவில்லை. "இந்த போல்ட்டுதான் அண்ணாத்தே, போன வருசம் ஒரு வண்டில நானும் இதத்தான் மாத்திக் கழட்டினேன்" என்று புது மாப்பிள்ளையின் குரல் கேட்டது. என் தங்கை என்னைப் பார்த்தாள். நான் முந்தின நாள் சாக்கை எடுத்து மடித்து அவள் கையில் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் இன்றைக்கும் எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார், எனக்கும் எரிச்சல் தீர்ந்தபாடில்லை. ஆனால் ஒரு பெண்ணின் மானம் மேட்டில் நின்றபோது, யாரையும் குறை சொல்லாமல் காரைவிட்டு இறங்கிய அந்த இரண்டு கால்களை நினைத்துக்கொண்டால், என் தங்கை வாழப்போன இடம் நல்ல இடம்தான் என்று மனசு அன்றுபோல் இன்றும் குளிர்ந்துவிடுகிறது.