கங்கை ஜலத்தில் கரைத்த பானகம்

நாங்கள் காளிகாட்டில் குடிவந்ததற்குக் காரணம் காளி இல்லை, கங்கை. என் கணவருக்குக் கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா உத்தியோகம். ஆபீசுக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை கிடைத்தது. அதை வேண்டாமென்று விட்டுவிட்டு, தினமும் டிராமில் போய் வருகிற தூரத்தில், கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடிக் குடித்தனம் பார்த்தார். சந்தின் கோடியில் படித்துறை. அங்கே ஓடுவதை ஆதி கங்கை என்பார்கள். பெரிய நதி எப்போதோ விட்டுப்போன பழைய வழி. பார்க்க வாய்க்கால் மாதிரிதான் இருக்கும். அதெல்லாம் எங்கள் கண்ணில் படவில்லை. கங்கை என்று பெயர் இருந்தது, எங்களுக்கு அது போதும்.

என் புக்ககத்துப் பூஜை மாடத்தில் ஒரு செப்புச் சொம்பு உண்டு. யாரோ காசிக்குப் போய்க் கொண்டுவந்த கங்கை, வாயை ஈயம் வைத்து அடைத்தது. வீட்டில் ஒருவருக்குக் கடைசி மூச்சு வாங்கும்போதுதான் அதை உடைப்பார்கள். வாயில் இரண்டு சொட்டு விட்டால் போகிறவர் நல்ல கதிக்குப் போவார். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நான் கல்கத்தாவில் கங்கையில் பருப்பு வேகவைத்தேன், கங்கையில் புளி கரைத்தேன், கங்கையில் மோர் விளாவினேன். ஊருக்குக் கடுதாசி போடும்போதெல்லாம் இதை ஒரு வரி எழுதாமல் விட்டதில்லை. படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் வயிறு எரியட்டும் என்றுதான்.

சந்து முனையில் முனிசிபாலிட்டிக் குழாய் இருந்தது. சுத்தம் பண்ணி அனுப்புகிற தண்ணீர் என்றார்கள். ஆனால் குழாய்க்குள் தோலில் வளையம் செய்து போட்டிருப்பதாக எங்கள் ஜனங்களுக்குள் பேச்சு. தோலைத் தொட்டுவிட்டு வருகிற தண்ணீரை மடியாகச் சமைக்கிறவள் எப்படி உலையில் விடுவாள்? குழாய்த் தண்ணீர் பாத்திரம் தேய்க்கவும் துணி அலசவும். சமைக்கவும் குடிக்கவும் கங்கை. என் கணவர் காலையில் ஸ்நானம் செய்துவிட்டு ஈர வேட்டியோடு இரண்டு குடம் கொண்டுவந்து வைப்பார். நான் வடிகட்டி, செப்புத் தவலையில் ஊற்றி, துளசி போட்டுத் தெளியவிடுவேன். இரண்டு வருஷம் வீட்டில் ஒருவருக்கும் தலைவலிகூட வரவில்லை. அதையே பெரிய அத்தாட்சியாக எடுத்துக்கொண்டோம்.

எனக்கு இரண்டு குழந்தைகள். பெண்ணுக்கு ஐந்து வயது, பையனுக்கு இரண்டரை. பெண் எந்நேரமும் கீழ்வீட்டில்தான் கிடப்பாள். அங்கே ஒரு வங்காளி அம்மாள் இருந்தாள். பள்ளிக்கூட வாத்தியாரின் மனைவி, நாற்பத்தைந்து வயதிருக்கும், பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். அவளை நாங்கள் எல்லோரும் மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடுவோம். அவள் என்னைப் பௌமா என்பாள், மருமகளைக் கூப்பிடுவது போல. சீமைச் சர்க்கரை வாங்குவதில்லை என்று ஊரெல்லாம் சபதம் எடுத்திருந்த சமயம் அது. மாஷிமாவும் எடுத்திருந்தாள். வெல்லம் போட்டே பாயசம் காய்ச்சி என் பெண்ணுக்கு ஊட்டுவாள்.

இந்த ஊரில் வசந்தம் என்று ஒன்று வரும். மூன்று வாரம், அதற்குமேல் வெயில் விழுங்கிவிடும். அந்த மூன்று வாரமும் எனக்கு அடுப்படியில் ஒரே உற்சாகம். பிஞ்சு மாங்காய் வரும், பச்சடி வைப்பேன். வேப்பம்பூவை உதிர்த்து நெய்யில் வறுத்து ரசம் வைப்பேன். முருங்கைப்பூவைச் சமைக்கலாம் என்பதே எனக்கு இங்கே வந்துதான் தெரியும். மாஷிமா தன் வீட்டு மரத்துப் பூவை எனக்கும் கொடுப்பாள், கடுகு அரைத்து விட்டு அதைச் சமைப்பாள். நான் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தேன். பையன் தட்டில் இருந்த பூவை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் தின்றான். அவனுக்குச் சாப்பாட்டில் அவ்வளவு சிரத்தை. கலத்தில் எது விழுந்தாலும் "இன்னும்" என்பான். பெண்ணைச் சாப்பிட வைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். அதனால் பையன் மேல் எனக்கு ஒரு படி அதிகம் ஆசை. இதை நான் வெளியே சொன்னதில்லை, ஆனால் பெண்ணுக்குத் தெரியும்.

ராமநவமிக்கு இரண்டு நாள் முன்பு பெண் பாவாடையின் முன்பக்கம் நனைந்து மாடியேறி வந்தாள்.

"எங்கேடி ஜலம் கொட்டிண்டே?"

"மாஷிமா ஆத்துல. தாகமா இருந்துது. மாஷிமா ஜொல் கொடுத்தா, குடிச்சேன்."

மாஷிமா வீட்டில் குடிப்பது குழாய்த் தண்ணீர். எனக்கு வந்த கோபத்தில் பளாரென்று கன்னத்தில் அறைந்தேன்.

"அது தோல் ஜலம்டி. அதைக் குடிச்சா பாவம். வயத்துக்குள்ள போய் வியாதியா வரும். இன்னிக்குப் பட்டினி கிட. நாளன்னிக்கு ராமநவமிக்குப் பானகமும் உனக்குக் கிடையாது."

அவள் அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

அறைந்த சத்தம் கீழே கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மாஷிமா வந்து வாசற்படியில் நின்றாள். உள்ளே வரமாட்டாள், என் மடி அவளுக்குத் தெரியும். அவள் வங்காளியில் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

"பௌமா, குழந்தை மேல தப்பில்லை, நான்தான் கொடுத்தேன். நீ ஆத்தங்கரைப் பக்கம் போய்ப் பார்த்தியா? தண்ணி முழங்காலுக்கு வத்திப்போச்சு. அந்தப் பக்கம் சுடுகாடு, இந்தப் பக்கம் துணி தோய்க்கறா. நாங்க அதுல முழுகறோம், தலையில தெளிச்சுக்கறோம். யாரும் குடிக்கறதில்லை. இந்த வெயில் போற வரைக்குமாவது பசங்களுக்குக் குழாய்த் தண்ணி கொடு."

"கங்கைக்கு ஏது மாஷிமா தோஷம்?" என்றேன் நான். வாய்தான் அவ்வளவு மரியாதையாகப் பேசியது. மீன் தின்கிறவள் எனக்கு ஆசாரம் சொல்ல வந்துவிட்டாள் என்று மனதுக்குள் பொருமினேன்.

ராமநவமியன்று வடை தட்டினேன், கோசுமல்லி கலந்தேன், நீர்மோர் கரைத்தேன். பெரிய அண்டா நிறையப் பானகம். வெல்லத்தைத் தட்டிப் போட்டு, சுக்கும் ஏலக்காயும் பொடித்துக் கலந்து, அன்று காலை கொண்டுவந்த புதுத் தண்ணீரில் கரைத்தேன். சாதமும் ரசமும் கொதித்து இறங்குகிறவை. பானகத்தை யாரும் கொதிக்க வைப்பதில்லை. பையன் மூன்று டம்ளர் குடித்தான். மூன்றாவதைக் குடித்துவிட்டு டம்ளரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான். என் கணவர் ஒரு டம்ளர் குடித்தார். எனக்கு விரதம், மாலையில் ஒரு வாய் குடித்தேன். பெண் நிலைப்படியில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம், ஒரு டம்ளர் கொடேன்" என்று அவர் சொன்னார். சொன்ன சொல்லை மாற்றினால் குழந்தைகள் தலைக்குமேல் ஏறிவிடும் என்று நான் கொடுக்கவில்லை.

மாஷிமாவுக்கும் ஒரு சொம்பு அனுப்பினேன். அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முற்றத்துக்குப் போய்த் துளசிக்கு ஊற்றிவிட்டாள். மாடியிலிருந்து பார்த்தேன். இனிமேல் அவள் வீட்டு முருங்கைப்பூவை வாங்குவதில்லை என்று அங்கேயே தீர்மானம் செய்தேன்.

மூன்றாம் நாள் விடிகிறபோது பையனுக்கு ஆரம்பித்தது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. எட்டு மணிக்குள் கண் உள்ளே போய்விட்டது. மாஷிமாவின் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஒரு டாக்டரை அழைத்து வந்தார். அவர் பையனின் தோலை விரலால் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின இடம் அப்படியே நின்றது.

"என்ன தண்ணி குடிக்கறான்?" என்று கேட்டார்.

"கங்கை ஜலம்" என்று சொன்னேன். அந்த நேரத்திலும் என் குரலில் பெருமை இருந்தது. எனக்கே அது கேட்டது.

டாக்டரும் வங்காளிதான், நெற்றியில் சந்தனம் இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. என் கணவரைத் தனியே கூப்பிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். திரும்பி வந்த என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னன்னா சொன்னார்?"

"ஜலம்தான்னார். ரெண்டு வருஷம் பிழைச்சிருந்ததே அதிர்ஷ்டம்னார்."

மாஷிமா குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொண்டுவந்தாள். அன்று அவள் வாசற்படியைத் தாண்டி நேரே உள்ளே வந்தாள், நான் நகர்ந்து இடம் விட்டேன். பையன் "ஜொல், ஜொல்" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். தண்ணீருக்கு வங்காளி வார்த்தை, அக்காவிடம் கற்றது. ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். ஒன்றும் உள்ளே நிற்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மூச்சு மாறியது.

என் கணவர் பழக்க தோஷத்தில் எழுந்து பூஜைக்குத் தினமும் நிரப்பி வைக்கிற கங்கைச் சொம்பையும் உத்தரணிக் கரண்டியையும் எடுத்து வந்தார். குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார். உத்தரணியில் எடுத்தார். எடுத்த கை வாய்வரை போகவில்லை. திரும்பச் சொம்பிலேயே விட்டார். சாகிறவர் வாயில் இரண்டு சொட்டு விட வேண்டுமென்று அடைத்துக் காத்து வைத்திருக்கிற குடும்பம் எங்களுடையது. கங்கைக் கரையில் செத்த எங்கள் குழந்தைக்கு அது கிடைக்கவில்லை. கொடுக்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து நான் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு காயை வெட்டாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பெண் வந்து என்னைத் தொடாமல் தள்ளி நின்றாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொன்னா அடிப்பியா?"

"சொல்லு."

"ராமநவமிக்கு முதல் நாள் தம்பி மாஷிமா ஆத்துக்கு வந்தான். தாகம்னான். நான் அந்த ஜலத்தைக் கொடுத்துட்டேன். ஒரு டம்ளர். அது வயத்துக்குள்ள போய்த்தானே தம்பி செத்துப் போனான்?"

ஐந்து வயது. நான் சொல்லிக் கொடுத்ததை அவள் சரியாகக் கணக்குப் போட்டிருந்தாள். நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். "இல்லைடி, அந்த ஜலம் நல்ல ஜலம், நான் கொடுத்ததுதான் விஷம்." அவ்வளவுதான்.

நான் சொல்லவில்லை. அவள் அப்படிச் சொன்னதும் ஒரு கணம் என் நெஞ்சு லேசாயிற்று. வீட்டில் ஒருத்தியாவது, காரணம் நான் இல்லை, தான்தான் என்கிறாளே என்று ஒரு ஆறுதல். எந்தத் தாயும் எழுதக் கூடாத விஷயம், ஆனால் அதுதான் நடந்தது. "போய் விளையாடு" என்றேன். அவள் போய்விட்டாள். அடிக்கவில்லை என்பதால் நான் ஒப்புக்கொண்டுவிட்டதாக நினைத்திருப்பாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வந்தது. காய்ச்சி ஆற்றித் தவலையில் ஊற்றி வைத்தேன். ஏன் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. காய்ச்சினால் பாவம் போய்விடுமென்று அவளே முடிவு செய்திருக்க வேண்டும். அவள் அப்பாவைச் சாக்கு வைத்து நானும் நாளைத் தள்ளினேன். அந்தக் குடங்களைத் தூக்கி வந்தவர் அவர். பெண்ணிடம் உண்மையைச் சொன்னால் அவருக்கும் அல்லவா தைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் போய் இப்போது ஆறு வருஷமாகிறது. அந்தச் சாக்கும் இல்லை.

பையன் போய் மூன்றாவது வருஷம் இன்னொரு பெண் பிறந்தாள். அவள் தவழ ஆரம்பித்ததும் ஒரு பங்குனியில்தான். மூத்தவளுக்கு அப்போது எட்டு வயது. வேப்பம்பூவை ஆய்ந்து கொடுப்பாள், மாங்காய் நறுக்குவாள், தங்கைக்குச் சாதம் பிசைந்து ஊட்டுவாள், இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தெல்லாம் சுற்றுவாள். தண்ணீர் மட்டும் கொடுக்கமாட்டாள். குழந்தை விக்கினால்கூட டம்ளரை என் பக்கத்தில் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "நீயே கொடும்மா" என்பாள். ஒவ்வொரு தடவையும் டம்ளரை எடுத்து நான் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவளிடம் சொல்லிவிட அதுதான் சமயம். குழந்தைக்கு வாய் துடைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

இப்போது அவளுக்கே இரண்டு குழந்தைகள். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். அவர்களுக்கும் தண்ணீர் கொடுப்பது அவள் புருஷன்தான். ஏதோ விளையாட்டுப் பிடிவாதம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவள் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வங்காளி படித்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. கற்றுக்கொடு என்று சின்ன வயதில் பல தடவை என்னிடம் கேட்டிருக்கிறாள், நான் கற்றுக்கொடுக்கவில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேன்.