கவிழ்த்த வாளி

தலாஸ் ஆற்றங்கரை ஊர்களில் மே மாதம் பிறக்கும்வரை பனியை நம்ப முடியாது. உறைந்த தண்ணீர் இன்ஜினைப் பிளந்துவிடும் என்று, பொழுது சாய்ந்ததும் டிராக்டர் இன்ஜினில் இருக்கும் தண்ணீரைத் திறந்துவிட்டு, வாளியை இருக்கையின் மேல் கவிழ்த்து வைப்பார்கள். வாளி கவிழ்ந்திருந்தால் உள்ளே தண்ணீர் இல்லை, ஊற்றாமல் வண்டியை எடுக்காதே என்று அர்த்தம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ஜோரோபெக்குக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். ஆனால் தன் பெரிய டிராக்டர் திரும்ப முடியாத ஒரு துண்டு நிலத்தை உழ ஐயாவுக்கு அவசரம். விடியலில் தம்பி வீட்டுக் கொட்டகைக்கு வந்தார், யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, வாளியைத் தூக்கிக் கொட்டகைக்குப் பின்னால் எறிந்தார், அந்தச் சின்ன டிராக்டரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

நடு வயலில் அது ஒரு அலறு அலறி நின்றது. சூட்டில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. சுழற்றும் கைப்பிடியைப் போட்டு இரண்டு பேர் தொங்கியும் அசையவில்லை. வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து வாசலில் போட்டுவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி அவர் சொன்னார்.

“பொம்பளை கையில வண்டியைக் கொடுத்தா இதான் கதி. தண்ணியைத் தொறந்து விட்டிருக்கா, வாளி வைக்கத் தெரியல.”

தம்பி மனைவி உம்சுனாய் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். மருமகளாய் வந்தவள் கணவனின் அண்ணனை எதிர்த்துப் பேசக் கூடாது. அவர் பெயரை வாயால் சொல்லவும் கூடாது. கல்யாணத்தன்று அவர் வெள்ளைக் குதிரையில் வந்ததால் அவள் அவரைக் குதிரைக்கார மாமா என்று கூப்பிட ஆரம்பித்தாள். குதிரை செத்துப் பல வருஷம் ஆகியும் பெயர் மாறவில்லை.

“பீன்ஸ் விதைக்கிறதுக்குள்ள இது ஓடணும். ஓடலேன்னா பழைய இரும்புக்குப் போட்டுருவேன். உன் வயலை நான் உழுது விதைக்கிறேன், விளைச்சல் எனக்கு” என்றார்.

அந்த வயல் பீன்ஸில்தான் அவள் வீட்டில் ஒரு வருஷம் அடுப்பு எரிந்தது. கணவன் எர்மெக் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். பணம் ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. போனில் அவனிடம் நடந்ததைச் சொன்னாள்.

“அண்ணன் சொல்றபடி கேட்டுட்டுப் போயேன். எதுக்கு வம்பு?”

“வாளியை எறிஞ்சது உங்க அண்ணன். செடிக்குள்ள கெடந்ததை நான்தான் எடுத்தேன்.”

“சரி விடு.”

அந்த ‘சரி விடு’வில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை சரி விடு. போனை வைத்துவிட்டு நேராக ஆட்டுப்பட்டிக்குப் போனாள். ஜோரோபெக் மகன் கல்யாணத்துக்கு வெட்டவென்று இவள் தீனி போட்டு வளர்த்த கொழுத்த கிடா அங்கே நின்றது. மறுநாள் சந்தையில் அதை விற்று, சிலிண்டருக்குள் உறைபோல் இறங்கும் லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

பக்கத்து வீட்டு ஜெய்னெப் மூட்டையைப் பிரித்துப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். “ஏண்டி, கல்யாணத்துல கேட்டா என்னடி சொல்லுவே?”

“கிடா இன்ஜினுக்குள்ள போயிருச்சும்பேன்.”

“உனக்கு இதெல்லாம் வருமாடி?”

“கல்யாணத்துக்கு முன்னாடி கூட்டுப்பண்ணை ஷெட்ல வேலை பார்த்தவடி நான். எத்தனை இன்ஜினைப் பிரிச்சு டீசல்ல கழுவிக் கொடுத்திருக்கேன். கழுவுறவ கண்ணை மூடிட்டா கழுவுவா? நீ வந்து இந்தப் பக்கம் பிடி.”

ஹெட்டைக் கழற்றினார்கள். சிலிண்டரில் டீசல் ஊற்றி ஊறவைத்தார்கள். ஒன்றும் நகரவில்லை. பிஸ்டனை மட்டும் எடுக்க முடியாது என்று தெரிந்ததும் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடைக் கழற்றிவிட்டு, உள்ளிருந்து மரக்கட்டையை முட்டுக் கொடுத்துச் சம்மட்டியால் போட்டாள். முதல் நாள் முழுக்க அடித்தும் அசையவில்லை. உள்ளங்கை கிழிந்தது. ஜெய்னெப் துணி கட்டிவிட்டாள். மறுநாள் மத்தியானம், லைனரும் பிஸ்டனும் கட்டிப்பிடித்தபடியே வெளியே வந்து விழுந்தன.

“புருஷன் பொண்டாட்டி மாதிரில்ல இருக்கு” என்றாள் ஜெய்னெப்.

“என் புருஷன் என்னைக்கு இப்படி ஒட்டிக்கிட்டான், நீ வேற.”

சிரித்துக்கொண்டே உம்சுனாய் கிராங்கைத் துடைத்து நகத்தால் வருடிப் பார்த்தாள். அது கீறியிருந்தால் எல்லாம் முடிந்தது. இன்னொரு கிடாவுக்கு எங்கே போவாள்? நகம் எங்கும் தட்டவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, அதையும் எண்ணெய்க் கையால் துடைத்து முகமெல்லாம் கரியாக்கிக்கொண்டாள். புது லைனரின் ரப்பர் வளையத்துக்குத் துணி சோப்பைத் தடவி இறக்கினாள். ரிங்குகளின் வாய் ஒரே நேர்க்கோட்டில் வந்துவிடாமல் தள்ளித் தள்ளி வைத்தாள். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்துக் கிண்டல் பண்ணினார்கள். அவள் தலையைத் தூக்கவில்லை.

விதைப்பு நாள் காலை, ஜோரோபெக் தன் பெரிய டிராக்டரில் கலப்பையைக் கட்டிக்கொண்டு வயலுக்கு வந்தார். வாய்க்கால் கரையில் பாதி ஊர் நின்றது. முந்தின ராத்திரிதான் பூட்டி முடித்து, இன்னும் ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்காத உம்சுனாயின் சின்ன டிராக்டர் வரப்போரம் நின்றது. ஜெய்னெப்பின் கழுதை வண்டியில் கட்டி இழுத்து வந்திருந்தார்கள்.

“கழுதைதான் உழப்போகுதா?” என்றார் அவர். நாலு பேர் சிரித்தார்கள்.

உம்சுனாய் வாய்க்காலில் வாளியை முக்கி, எல்லோரும் பார்க்க இன்ஜினில் தண்ணீர் ஊற்றினாள். அழுத்தம் விடும் கைப்பிடியை ஜெய்னெப் தூக்கிப் பிடிக்க, இவள் சுழற்றினாள். “விடுடி” என்றாள். ஒரு புகை வந்து அடங்கியது.

“இரும்புக்காரனை வரச் சொல்லவா?” என்றார் அவர்.

கட்டுப்போட்ட கையோடு மறுபடி சுழற்றினாள். “விடு.” ஒரு முறை இருமியது, இன்னொரு முறை இருமியது, பிறகு டபடபவென்று பிடித்துக்கொண்டது. புகைபோக்கி மூடி துள்ளிக் குதித்தது. கழுதை மிரண்டு வாய்க்காலைத் தாண்டி ஓடியது. அதைப் பிடிக்க ஒருவரும் போகவில்லை.

ஜோரோபெக் கலப்பையைத் திருப்பவில்லை. “ஓடினா சரி. எப்படியும் வாளி வைக்காதது உன் தப்புதான்” என்றார்.

உம்சுனாய் காலி வாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவருடைய டிராக்டர் பக்கத்தில் போய் நின்றாள். ஒரு பக்கம் நசுங்கியிருந்த அந்த வாளியை, அவர் உட்கார்ந்திருந்த இருக்கைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

“ஜோரோபெக்” என்றாள்.

கரையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இருபது வருஷமாக அந்த வாயில் வராத பெயர். அவருக்கு முகம் வெளுத்துப்போனது.

“ஜோரோபெக், வாளியை நீங்க எறிஞ்சீங்க. எறிஞ்ச இடத்துலருந்து நான்தான் எடுத்துட்டு வந்தேன். இது என் வயல். வண்டியைத் திருப்புங்க.”

அவர் கூட்டத்தைப் பார்த்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்தபோது வாளி உருண்டு உழாத மண்ணில் விழுந்தது. உம்சுனாய் அதை எடுத்து ஜெய்னெப்பிடம் கொடுத்துவிட்டு, தன் டிராக்டரில் ஏறி முதல் உழவுச்சால் ஓட்ட ஆரம்பித்தாள்.