நான் குடிக்காத டீ

காசநோய் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் முதலில் கற்றுக்கொள்வது, பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் "எங்கீங்க வேலை பாக்கறீங்க?" என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதைத்தான். வெளியே சொல்லக் கூசும் வேலையில் இருப்பவர்களே, உங்களுக்கு இது புரியும். அவிநாசியைத் தாண்டி இருக்கிறது எங்கள் இல்லம். பஞ்சு மில்லில் இருமி இருமிச் செத்தவர்களைப் பார்த்துப் பொறுக்காமல், அந்தக் காலத்தில் ஒரு சமூகத்தார் தர்மத்துக்குக் கட்டியது. இன்றைக்கும் படுக்கை, மருந்து, சாப்பாடு எல்லாம் இலவசம். நான் வார்டு சூப்பர்வைசர்.

பிறந்தநாள் விருந்து

பனியன் கம்பெனி முதலாளி ஒருவர், மகளின் பிறந்தநாளுக்கு எங்கள் நோயாளிகளுக்கு பிரியாணி போட்டார். அவர் காரை விட்டு இறங்கவில்லை. டிரைவர்தான் அண்டாவை கேட்டருகே இறக்கினார். புத்தம்புது எவர்சில்வர். எங்கள் சமையலறையின் நல்ல பாத்திரமெல்லாம் இப்படி வந்தவைதான். கழுவி நாளைக்கு அனுப்புகிறேன் என்றதும் காருக்குள்ளிருந்தே முதலாளி பதறிவிட்டார். "ஐயோ, வேண்டாங்க! நீங்களே வெச்சுக்குங்க."

பீரோ

அவரைச் சொல்லிச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. தட்டு, டம்ளரால் இந்த நோய் பரவாது என்று வாரா வாரம் நோயாளிகளுக்கு வகுப்பெடுப்பவன் நான். ஒருநாள் செல்வி கை தூக்கினாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள், தென்காசிப் பக்கத்துப் பெண். கேள்வியில் கேலியே இல்லை, அதுதான் சுட்டது. "அப்பம் ஒங்க டம்ளர மட்டும் எதுக்கு சார் பீரோவுல வச்சிப் பூட்டுதிய?"

சிபாரிசு

ஆறு மாதத்தில் செல்வி பூரணமாகக் குணமானாள். நோய் தெரிந்ததும் நிச்சயம் செய்த மாப்பிள்ளை வீட்டார் விலகிவிட்டதால், ஊருக்குத் திரும்ப அவளுக்கு மனமில்லை. பழைய வேலை கிடைத்தால்தான் உண்டு. டாக்டர் சர்டிஃபிகேட்டோடு, நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த அவளுடைய பழைய கம்பெனிக்கு நானே கூட்டிப்போனேன். மேனேஜர் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். சேர்த்துக்கொள்வார் போலத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் செல்வி கேன்டீனுக்கு ஓடி, எங்கள் இருவருக்கும் தன் கையால் டீ கொண்டுவந்து வைத்தாள். மேனேஜர் டீயைத் தொடாமல் என்னையே பார்த்தார். என் கை எழவில்லை. "இப்பத்தான் குடிச்சேன்" என்று வாய் தானாகப் பொய் சொன்னது.

அவர் சர்டிஃபிகேட்டை என் பக்கம் தள்ளினார். "நீங்களே குடிக்கலீங்க. மத்த புள்ளைங்களோட இவளை நான் எப்படீங்க உக்கார வைக்கறது?"

திரும்பும் வழியில்

பஸ்ஸில் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவளோ என்னைத் தேற்றினாள். "விடுங்க சார். ஒங்க வீட்லயும் சின்னப் புள்ளைய இருக்குல்லா."

செல்விக்குக் குணமாக ஆறு மாதம் போதுமாக இருந்தது, எனக்கு இல்லத்தில் இது பதினோராவது வருடம்.